குறுக்குக் காற்று பத்து, வீச்சில் பதினான்கு

போன மாதம் நான் வேலை பார்த்த விமான நிலையத்திலிருந்து பிரியதர்ஷினி போனில் பேசினாள். கண்ட்ரோல் டவரில் இப்போது நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காருகிறவள்.

"மேடம், புது ஸ்க்ரீன் வந்துடுச்சு. காத்து எந்தப் பக்கத்துலருந்து வருது, எவ்ளோ வேகம், அதுல எதிர்க்காத்து எவ்ளோ, குறுக்குக் காத்து எவ்ளோ, எல்லாம் அதுவே பச்சைல காட்டிடுது. நீங்கல்லாம் இத எப்படி மேடம் போட்டீங்க?"

"பென்சிலால" என்றேன்.

சிரித்தாள். பிறகு, "எழுதிக் குடுங்க மேடம். புதுசா வர்றவங்க கேக்கறாங்க. எங்களுக்கே சொல்லத் தெரியல" என்றாள்.

கணக்கை மட்டும் எழுதுவதென்றால் அரைப் பக்கம் போதும். ஆனால் அந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று பேரும் சேர்ந்துதான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

என் அப்பா காஞ்சிபுரம் நகராட்சியில் குழாய் பிட்டர். அவருடைய அப்பா தாமல் ஏரிப் பாசனத்தில் பிறர் நிலத்தில் உழைத்தவர். நான் இங்கேயே கல்லூரியில் பௌதிகம் படித்தேன். பேப்பரில் விளம்பரம் பார்த்துப் பரீட்சை எழுதினேன். வடக்கே ஒரு வருஷம் பயிற்சி. இந்தி தெரியாது, ரொட்டி பிடிக்காது, ஆனால் பாஸாகிவிட்டேன். மூன்று ஊர்களில் சுற்றிவிட்டு, பதின்மூன்றாவது வருஷம் சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விமான நிலையத்துக்கு மாற்றல் கிடைத்தது. பெரிய காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். பெரிய விமானங்கள் அங்கே வராது. ஒரு பறக்கும் பள்ளி, சொந்தமாகப் பறக்கிற நாலைந்து பேர், எப்போதாவது ஒரு அரசாங்க ஹெலிகாப்டர்.

அங்கே என் மேலதிகாரி வரதராஜுலு. பிள்ளையார்பாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியாக, எப்போதும் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில் இருப்பார். வாயில் ஒரு கிராம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்புச் செய்தால் திட்ட மாட்டார். அதே கேள்வியை மறுபடி கேட்பார். மூன்றாவது தடவை கேட்கும்போது நமக்கே விடை தெரிந்துவிடும். அதுதான் கஷ்டம்.

டவருக்கு வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார மாட்டார். பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். உள்ளே வந்து, "நூத்தி நாப்பது, எட்டு" என்பார். அதற்கப்புறம்தான் மேஜையில் இருக்கிற காற்று மானியைப் பார்ப்பார். அதில் இரண்டு முள் இருக்கும். ஒன்று காற்று வருகிற திசையைக் காட்டும், இன்னொன்று வேகத்தை. பெரும்பாலும் அவர் சொன்னதற்கும் முள்ளுக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்காது.

"எதுக்கு சார் இது? மீட்டர்தான் இருக்குதே" என்று வந்த புதிதில் கேட்டேன்.

"முள்ளு இப்போ என்னன்னு மட்டும்தான் சொல்லும்மா. மூஞ்சி, காத்து எப்படி இருக்குதுன்னு சொல்லும். சீரா வருதா, வுட்டு வுட்டு அடிக்குதா, மழை வாசனை இருக்குதா. மொதல்ல மூஞ்சி, அப்புறம் முள்ளு."

எனக்கு அது பெரியவர்களின் பழக்கதோஷமாகத்தான் பட்டது. ஒரு வாரம் செய்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

கணக்கை அவர்தான் எனக்குச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தார். பயிற்சியில் சைன், கோசைன் என்று அட்டவணை போட்டுப் படித்திருந்தேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

ஓடுபாதைக்குப் பெயர் கிடையாது, எண்தான். பெரிய ஓடுபாதையின் எண் ஏழு. திசைகாட்டியில் எழுபது டிகிரியை நோக்கி ஓடுகிறது என்று அர்த்தம். காற்று நூறு டிகிரியிலிருந்து வருகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையில் முப்பது டிகிரி. அந்த முப்பதை முப்பது நிமிஷமாக நினைத்துக்கொள்ள வேண்டும். முப்பது நிமிஷம் அரை மணி. எனவே காற்றின் வேகத்தில் பாதி, விமானத்தைக் குறுக்கே தள்ளும். பதினைந்து டிகிரி என்றால் கால் மணி, கால் பங்கு. நாற்பத்தைந்து என்றால் முக்கால். அறுபது டிகிரியும் அதற்கு மேலும் ஒரு முழு மணி நேரம். காற்று முழுவதும் குறுக்கே அடிக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எதிர்க்காற்று எவ்வளவு என்று தெரிய, அந்தக் கோணத்தைத் தொண்ணூறிலிருந்து கழித்துவிட்டு மறுபடி அதே கடிகாரம்.

"நாப்பத்தஞ்சுக்கு முக்கால்னா கொஞ்சம் கூட வருதே சார்" என்றேன். அட்டவணைப்படி பத்துக்கு ஏழுதான் வரும்.

"குறுக்குக் காத்து கெடுதல் பண்றவன். அவன கொஞ்சம் கூடவே போடு. எதிர்க்காத்து உதவி பண்றவன். ப்ளேன் சீக்கிரம் நிக்கறதுக்கு ஒத்தாசை. ஆனா அவன் வரேன்னா பாதிதான் நம்பணும். எந்த நிமிஷம் நின்னு போவான்னு தெரியாது."

கணக்குப் போட்டுத் தர வேண்டியது எங்கள் வேலையே இல்லை. திசையையும் வேகத்தையும் சொன்னால் போதும், மிச்சத்தை விமானி பார்த்துக்கொள்வார். ஆனால் சின்ன விமானத்தில் தனியாக வருகிறவருக்கு இரண்டு கையும் இரண்டு காலும் வேலையாக இருக்கும், கணக்குப் போட ஏது நேரம் என்பது வரதராஜுலுவின் கட்சி. அதனால் எங்கள் டவரில் ஒவ்வொரு சின்ன விமானத்துக்கும் பென்சிலில் இரண்டு எண்ணை எழுதி வைத்திருப்போம். கேட்டால் சொல்வோம். ஒன்றை மட்டும் சொல்லக் கூடாது. "இறங்கலாமா வேணாமான்னு நீ சொல்லாத. அது அவரு உசுரு, அவரு முடிவு. நீ சொல்ற காத்து மட்டும் சரியா இருக்கணும்" என்பார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

கத்திரி வெயில் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. பிற்பகல் மூன்றரை மணி. தெற்கே வானம் கன்னங்கரேலென்று திரண்டு வந்தது. பறக்கும் பள்ளிக்கு விடுமுறை, ஆசிரியரும் ஊரில் இல்லை. வானத்தில் ஒரே ஒரு விமானம்தான் இருந்தது. நாலு பேர் உட்காரக்கூடிய ஒற்றை இன்ஜின் விமானம். ஓட்டியவர் இக்பால் பாய்.

அவரை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. குரல்தான் தெரியும். பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகைக் கடை வைத்திருப்பவர். நாற்பத்து மூன்றாவது வயதில் பறக்கக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவார், தென்னேரி, தாமல் ஏரிகளுக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டு நாலு மணிக்குள் இறங்கிவிடுவார். அவரது விமானத்தின் புத்தகத்தில், குறுக்குக் காற்று பதினைந்து நாட் வரை இறக்கிக் காட்டியிருக்கிறோம் என்று அதைத் தயாரித்தவர்கள் போட்டிருப்பார்கள். நாட் என்பது மணிக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பதினைந்துக்கு மேலே போனால் விமானியின் கைத்திறமைதான் துணை.

அவர் இறங்கக் கேட்டார். நான் காற்று மானியைப் பார்த்தேன். திசை நூற்றைம்பது. வேகமுள் பதினான்கில் நின்றது.

"விண்ட் ஒன் ஃபைவ் ஜீரோ, ஒன் ஃபோர் நாட்ஸ்" என்று சொல்லி, ஏழாம் ஓடுபாதையில் இறங்க அனுமதி கொடுத்தேன்.

எழுபதுக்கும் நூற்றைம்பதுக்கும் இடையில் எண்பது டிகிரி. ஏறக்குறைய முழுக் காற்றும் குறுக்கே. பதினான்கு. அவரது பதினைந்துக்கு ஒன்று குறைவு. அவரும் மனதில் அதே கணக்கைப் போட்டிருப்பார், சரி என்று வந்தார்.

நான் பால்கனிக்குப் போகவில்லை. போயிருந்தால் தெரிந்திருக்கும், காற்று சீராக இல்லை, திடீர் திடீரென்று வலுத்து அடிக்கிற வீச்சு இருக்கிறது என்று. நான் பார்த்த நொடியில் அந்த முள், இருபத்தெட்டு வரை போய்விட்டு இறங்கி, மறுபடி ஏறுவதற்கு முன் பதினான்கில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நொடியைத்தான் நான் அவருக்குச் சொன்னேன்.

தரைக்கு முப்பது அடி இருக்கும்போது அடுத்த வீச்சு வந்தது. டவர் கண்ணாடி தடதடத்தது. விமானத்தின் வலது இறக்கை அப்படியே தூக்கிக்கொண்டது. ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து இடதுபக்கம் விலகிப் புல்வெளிக்கு மேலே போனது. இடது இறக்கை முனை தரையைத் தொட்டுவிடும் என்றுதான் நினைத்தேன். இன்ஜின் சத்தம் கூடியது. தள்ளாடி, நிமிர்ந்து, மெல்ல மேலே ஏறிவிட்டார்.

கீழே அறையில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த வரதராஜுலு படியேறி வந்தார். என்னைக் கேட்கவில்லை. முதலில் பால்கனிக்குப் போனார். அரை நிமிஷத்தில் உள்ளே வந்தார்.

"வீச்சு எவ்ளோன்னு சொன்னியாம்மா?"

"பதினாலுன்னு சொன்னேன் சார்."

"அது காத்து. வீச்சு சொன்னியா?"

மானியைப் பார்த்தேன். முள் இருபதில் நின்றது, இருபத்தெட்டுக்குத் துள்ளியது, மறுபடி இருபது.

"வீச்சு சொன்னியா?"

"இல்ல சார்."

அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்போ சொல்லு. எவ்ளோ எரிபொருள் இருக்குதுன்னும் கேளு."

சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு எரிபொருள் இருந்தது. பக்கத்திலிருந்த பெரிய விமான நிலையத்துக்குப் போன் போட்டோம். அங்கே தலைக்கு மேலேயே மழை கொட்டிக்கொண்டிருந்தது, இறங்க வழியில்லை. தெற்கே இருந்த மேகம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் எங்களுக்கும் மழை. அதற்குள் இறங்கியாக வேண்டும். ஏழாம் ஓடுபாதையில் குறுக்குக் காற்று இருபது, வீச்சில் இருபத்தெட்டு. அது அவருடைய பதினைந்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இன்னொரு ஓடுபாதை இருந்தது. எண் பன்னிரண்டு. பழையது, குட்டையானது. ரிப்பேருக்காக மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைசி மூன்றில் ஒரு பாகத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மிச்ச இரண்டு பாகத்திலும் ஜல்லி சிதறிக் கிடந்தது. நடுவில் ஒரு ரோடு ரோலர் நின்றது.

வரதராஜுலு பென்சிலை என் கையில் கொடுத்தார். "பன்னண்டுக்குப் போடு."

நூற்றைம்பதிலிருந்து நூற்றிருபதைக் கழித்தால் முப்பது. அரை மணி. இருபதில் பாதி பத்து. இருபத்தெட்டில் பாதி பதினான்கு. எதிர்க்காற்று, தொண்ணூறில் முப்பது போக அறுபது, முழு மணி, இருபது. பாதிதான் நம்ப வேண்டும், பத்து. பத்து நாட் எதிர்க்காற்று இருந்தால் அந்த விமானம் மிச்சமிருந்த நீளத்தில் நின்றுவிடும், கொஞ்சம் இடமும் மிஞ்சும்.

அவசரத்தில் எண்கள் கோணலாக வந்தன. அவர் படித்துப் பார்த்தார்.

"ரெண்டு ரன்வேயோட கணக்கையும் அவருக்குச் சொல்லு. பன்னண்டு மூடியிருக்குது, காலி பண்ணப் பாக்குறோம், முடியலாம், முடியாமலும் போவலாம்னு சொல்லு. அதுவரைக்கும் தென்னேரி மேல சுத்தச் சொல்லு. நான் கீழ போறேன்."

"சார், நான் தனியாவா?"

"காத்து நீதானே பாத்துக்கினு இருக்குற" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். தப்புச் செய்தவளை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இன்றைக்கும் அதை யோசிக்கிறேன்.

ஜன்னல் வழியே பார்த்தேன். ஜீப் பன்னிரண்டாம் ஓடுபாதையில் போய் நின்றது. மேகத்தைப் பார்த்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்கள், ரிப்பேர் வேலைக்கு வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பாதிக்கு மேல் பெண்கள். வரதராஜுலு கையை நீட்டி ஏதோ சொன்னார். அந்தப் பெண்கள் சீமாறை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பரவினார்கள். ஜல்லி ஒன்று தெறித்தால் விமானத்தின் விசிறி போய்விடும். ரோலர் டிரைவர் டீக்கடைக்குப் போயிருந்தார். ஜீப்பை அனுப்பி அவரை அழைத்து வந்தார்கள். ரோலர் கிளம்பியது. அது மனிதன் நடக்கிற வேகத்தில்தான் போகும். அதற்கு அவசரம் என்பதெல்லாம் தெரியாது.

இங்கே ரேடியோவில் இக்பால் பாய். விதிப்படி ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். முதல் இரண்டு மூன்று வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு, "மேடம், தமிழ்ல பேசலாமா? எனக்கு வார்த்தை வர மாட்டேங்குது" என்றார்.

"பேசுங்க."

"காத்து என்ன மேடம்?"

"நூத்தி அம்பது. இருபது. வீச்சு இருபத்தெட்டு."

"கீழ ஏரி தெரியுது. தண்ணி மேல கோடு கோடா நுரை ஓடுது. அதே திசைலதான் இருக்குது."

"ஆமா. ரெண்டு ரன்வேக்கும் கணக்கு சொல்றேன், கேட்டுக்குங்க." சொன்னேன். ஏழில் குறுக்கே இருபது, வீச்சில் இருபத்தெட்டு. பன்னிரண்டில் குறுக்கே பத்து, வீச்சில் பதினான்கு. நீளம் இவ்வளவு. ஜல்லியைக் கூட்டுகிறார்கள். ரோலர் நகர்ந்துகொண்டிருக்கிறது.

எண்களை அவர் திருப்பிச் சொன்னார்.

"நீங்க என்ன சொல்றீங்க மேடம்? எதுல வரட்டும்?"

பன்னிரண்டில் வாருங்கள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பத்து நிமிஷத்துக்கு முன்னால் என் வாயிலிருந்து வந்த ஒரு எண்ணை நம்பித்தான் அவர் புல்வெளிக்கு மேலே சாய்ந்தார்.

"முடிவு நீங்கதான் பண்ணணும் சார். இன்னொண்ணு. மொத தடவ நான் உங்களுக்கு வீச்ச சொல்லல. அது என் தப்பு. இப்போ சொல்றது ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"பன்னண்டுல வரேன்" என்றார். உடனேயே, "மேடம், நீங்க காஞ்சிபுரமா? பேச்சு நம்மூரு மாதிரி இருக்குது."

"பெரிய காஞ்சிபுரம்தான். நீங்க வேகத்தப் பாருங்க."

"பாத்துக்கினுதான் இருக்கேன். காத்து என்ன?"

இப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை, காத்து என்ன, காத்து என்ன. நான் ஒவ்வொரு தடவையும் முள் மேலே போய்த் திரும்புகிற வரைக்கும் காத்திருந்து சொன்னேன். ஒரு முறை வீச்சு முப்பதைத் தொட்டது. அதையும் சொன்னேன். பன்னிரண்டில் குறுக்கே பதினைந்து. அவர் எல்லை அதுதான். "சரி" என்று மட்டும் சொன்னார்.

ரோலர் ஓடுபாதையை விட்டு இறங்கிப் புல்லில் நின்றது. பெண்கள் சீமாறோடு ஓடி ஓரத்துக்குப் போனார்கள். வரதராஜுலு ஜீப்பின் மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது.

இக்பால் பாய் வந்தார். வலது இறக்கையைக் காற்றின் பக்கம் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, மூக்கு ஒரு பக்கமும் போகிற வழி ஒரு பக்கமுமாக, நண்டு மாதிரி வந்தார். காற்றை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியாகச் சொன்னது நூற்றைம்பது, பத்தொன்பது, வீச்சு இருபத்தாறு. வலது சக்கரம் முதலில் தொட்டது. பிறகு இடது. பிறகு முன்சக்கரம். பாதி தூரம் ஓடியபின் ஒரு வீச்சு தள்ளியது. விமானம் இடது ஓரத்துக்குப் போய், இடது சக்கரம் ஈர மண்ணில் இறங்கி, அரை வட்டம் சுற்றி, மூக்கைக் குத்தி நின்றது. விசிறியின் ஒரு இதழ் வளைந்துபோனது.

கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை போட்ட, கொஞ்சம் தொப்பையான ஒரு மனிதர் இறங்கினார். நாலு அடி நடந்தார். மழையிலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். சீமாறோடு ஓடிவந்த பெண்களில் ஒருத்தி தன் தலைத்துண்டை எடுத்து அவர் தலையில் போட்டாள்.

விமானம் இறங்கிய நேரத்தை நான் பதிவேட்டில் எழுதினேன்.

விசிறி வளைந்ததால் விசாரணை வந்தது. விசாரணை அதிகாரி வருவதற்கு முதல் நாள் வரதராஜுலு என்னைக் கூப்பிட்டார்.

"ரேடியோ பேச்செல்லாம் டேப்புல இருக்குது. நீ வீச்ச சொல்லலன்னு டேப் சொல்லிடும். டேப் சொல்றதுக்கு முன்னால நீ சொல்லிடும்மா. அது வேற, இது வேற."

என் வாக்குமூலத்தில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன். எனக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை வந்தது. அவரிடம், மூடிய ஓடுபாதையை யார் உத்தரவில் திறந்தீர்கள் என்று கேட்டார்கள். "யார் உத்தரவும் இல்லை. நேரமும் இல்லை" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பால்கனியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். "நூத்தி முப்பது, ஆறு" என்பார் அவர். "நூத்தி இருவது, ஏழு சார்" என்பேன் நான். ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் எந்த ஊர் டவரிலும் அதை நான் விடவில்லை.

பிரியதர்ஷினி, உன் ஸ்க்ரீன் என் பென்சிலைவிட நல்லது. அது தவறாகக் கழிக்காது, அதில் எண்கள் கோணலாக வராது, வீச்சையும் தனியாகக் காட்டுகிறது என்கிறாய். அது அன்றைக்கு இருந்திருந்தால் நான் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று காற்று மானியும் தப்பாகக் காட்டவில்லை. காட்டியதில் எந்த நொடியைச் சொல்வது என்பதில்தான் நான் தவறினேன். காட்டுகிற வேலை அதனுடையது. பார்க்கிற வேலை இப்போதும் நாற்காலியில் இருப்பவருடையதுதான்.

இனி மூன்றாவது ஆள்.

விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி இக்பால் பாய்க்கு ஒரு கடிதம் போயிருந்தது. அது கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போய்விட்டது. அவர் மனைவி ஜமீலா பிரித்துப் படித்துவிட்டார். அதுவரைக்கும் அந்த அம்மாளுக்குக் கணவர் பறக்கிறார் என்பதே தெரியாது. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் வாலாஜாவில் வியாபாரிகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த அம்மாள் என் வீட்டுக் கதவைத் தட்டினார். என் வயதுதான் இருக்கும். கையில் அந்தக் கடிதம். ஆட்டோவை வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்.

"டவர்ல இருந்தது நீங்கதானே? உங்க பேர அவரு சொன்னாரு. உள்ள வரலாமா?"

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அவரு எதையும் முழுசா சொல்ல மாட்டேங்கறாரு. ஒண்ணுமில்ல, லேசா வழுக்கிடுச்சுன்றாரு. நீங்க சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

சொன்னேன். காற்றையும் மேகத்தையும் ரோலரையும் சொன்னேன். நான் வீச்சைச் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

"நீங்க சொல்லியிருந்தா அவரு மொதல்ல அந்த ரன்வேல எறங்க வந்திருக்கவே மாட்டாரு?"

"மாட்டாரும்மா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பயந்தாரா?" என்று கேட்டார்.

"குரல்ல தெரியல. உள்ள இருந்திருக்கும்."

"என்னப் பத்தி, புள்ளைங்களப் பத்தி எதுனா சொன்னாரா? கடைசியா இருக்கும்னு நெனச்சு எதுனா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாளுக்கு அது ஒரு ஆறுதலாக இருந்திருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு முறை அரைகுறையாகச் சொன்னதன் விலையைப் பார்த்தாகிவிட்டது.

"இல்லம்மா. எதுவும் சொல்லல. காத்து என்ன, காத்து என்னன்னு மட்டும்தான் கேட்டுக்கினே இருந்தாரு. எறங்குற வரைக்கும்."

ஜமீலா கடிதத்தை இரண்டாக, நாலாக மடித்தார். கண் கலங்கியது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. எங்கள நெனச்சிருந்தாருன்னா கை ஆடியிருக்கும். அவருக்கு அழுகை சீக்கிரம் வந்துடும், வெளிய யாருக்கும் தெரியாது." தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "போவக் கூடாதுன்னு சொல்லத்தான் நெனச்சேன். சொன்னா மறுபடி வாலாஜா போறேன்னு பொய் சொல்லிட்டுப் போவாரு. அதுக்கு இதுவே மேலு. ப்ளேன் சரியாக எத்தன நாளாகும்?"

"ரெண்டு மாசமாவது ஆகும்."

எழுந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றார்.

"அவரு மறுபடி ஏறுற அன்னிக்கு, டவர்ல நீங்க இருப்பீங்களா?"

இருப்பேன் என்று தலையை ஆட்டினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி பறந்தார். அன்றைக்கு எனக்கு ஓய்வு நாள். வேறொருவரிடம் கேட்டு டியூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டு, காலையிலேயே பஸ் ஏறினேன்.